காற்றாலை கிராமமும் எங்க ஆச்சி வீடும்! - ஆழ்வார்திருநகரி டு தூத்துக்குடி, ஒரு டச்சுப் பயணம்

ஆபீஸில் எனக்குக் கொடுத்திருந்த வேலை ரொம்பச் சுலபமானது. நெதர்லாந்தில் 'ஸான்சே ஸ்கான்ஸ்' என்று ஒரு காற்றாலை கிராமம் இருக்கிறது. அதைப் பற்றி பத்துப் படங்களோடு ஒரு போட்டோ ஸ்டோரி. பச்சை பெயின்ட் அடித்த மரவீடுகள், ஆற்றோரம் வரிசையாக நிற்கும் காற்றாலைகள், மேலே மேகம். பார்த்தாலே லைக் போடத் தோன்றும் படங்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் நெதர்லாந்து போனதில்லை. பாஸ்போர்ட்கூட இன்னும் எடுக்கவில்லை. டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பவர்கள் உலகம் சுற்றுவது இப்படி ஏசி அறையில் உட்கார்ந்துதான்.

ஏழாவது படத்துக்கு இரண்டு வரி எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா போனில் வந்தார்.

"ஆச்சி வீட்டை இடிக்கப் போறாங்களாம். ஆடி முடியட்டும்னுதான் மாமா காத்துக்கிட்டு இருக்கான். கடைசியா ஒரு தடவை பாத்துட்டு வந்துரு."

ஸ்க்ரீனில் ஒரு பழைய மரவீட்டை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகும் கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் லீவு லெட்டர் எழுதினேன்.

வீட்டையே தூக்கிக்கொண்டு போனவர்கள்

ஊருக்குப் போவதற்கு முன் அந்தக் கிராமத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் இருபது நிமிடம் போனால் ஸான் என்ற ஆறு. ஒரு காலத்தில் இந்த ஆற்றங்கரைப் பகுதியில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட காற்றாலைகள் ஓடின. நாம் காற்றாலை என்றதும் கரன்டை நினைக்கிறோம். அன்றைய காற்றாலை என்பது ஒரு ஃபேக்டரி. காற்றில் இறக்கை சுற்றும். அது மரப் பல்சக்கரத்தைத் திருப்பும். அந்தச் சக்கரம் ஒரு தண்டைச் சுற்றும். தண்டின் முனையில் அரைகல்லைக் கட்டினால் மாவும் சாயப்பொடியும் கிடைக்கும். உலக்கையைக் கட்டினால் வித்திலிருந்து எண்ணெய் வரும். ரம்பத்தைக் கட்டினால் பலகை அறுபடும். நம் ஊர்ச் செக்கில் மாடு செய்த வேலையை அங்கே காற்று செய்தது, அவ்வளவுதான்.

காற்றில் ஓடும் ரம்ப ஆலையை 1590-களில் உருவாக்கியவர் கொர்னேலிஸ் கொர்னேலிஸ்ஸோன் என்ற டச்சுக்காரர். கையால் அறுத்தால் நாள்கணக்கில் ஆகும் மரத்தை இது மளமளவென்று அறுத்துத் தள்ளியது. பலகை மலிவானது. கப்பல் கட்டுவது வேகமானது. ரஷ்ய மன்னர் பீட்டரே 1697-இல் கப்பல் தொழில் கற்றுக்கொள்ள ஸான் கரைக்கு வந்து தங்கினார். ஐரோப்பாவின் ஒரு மூலையில் இருந்த சின்ன நாடு கடல் தாண்டி நம் கரைக்கு வந்து சேர்ந்ததற்கு இந்த ஆலைகளும் ஒரு காரணம்.

பிறகு நீராவி எந்திரம் வந்தது. காற்றாலைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பழைய மரவீடுகள் இருந்த இடத்தில் புதிய கட்டடங்கள் வந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, மிச்சம் இருப்பதையாவது ஒரே இடத்தில் சேர்த்துக் காப்பாற்றலாம் என்று கட்டடக் கலைஞர் ஒருவர் திட்டம் போட்டார். 1961 முதல் 1974 வரை வீடுகளையும் ஆலைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ஆற்றோரம் இறக்கினார்கள். அதுதான் இன்றைய ஸான்சே ஸ்கான்ஸ்.

அங்கே 'டி காட்' (பூனை என்று அர்த்தம்) என்ற ஆலை இன்னும் சாயப்பொடி அரைக்கிறது. 'டி ஸூக்கர்' எண்ணெய் எடுக்கிறது. அந்த வீடுகளில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க மட்டுமே வைத்திருந்தால் எப்போதோ செத்துப்போயிருக்கும் என்று படங்களைப் பார்க்கும்போதே தோன்றியது.

ஆடிக் காற்று

திருச்செந்தூர் போகும் ரயிலில் ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கினேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் சிக்கிக்கொண்ட ஸ்டேஷன் இதுதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த நாட்களை இந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் தேதி சொல்லித்தான் பேசுகிறார்கள். "அந்தப் பதினேழாம் தேதி" என்றால் போதும், எல்லாருக்கும் புரியும்.

பஸ்ஸில் ஆழ்வார்திருநகரி வந்து இறங்கியபோது காற்று துப்பட்டாவைப் பிடுங்கியது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே புகுந்து வரும் தென்மேற்குக் காற்று அது. தாமிரபரணிக் கரை வாழைத்தோப்புகளில் இலையெல்லாம் நார் நாராகக் கிழிந்து தொங்கின.

ஆச்சி திண்ணையில் இருந்தாள்.

"என்னட்டி இப்படி வத்திப்போயிட்ட? மெட்ராஸ்ல சோறு போட மாட்டாங்களா?"

எங்க ஆச்சிக்கு 78 வயது. வீட்டுக்கு அதைவிட வயது கூட. தெருவைப் பார்த்து இரண்டு பக்கமும் திண்ணை, உள்ளே பட்டாசல், அதையொட்டி முற்றம், அப்புறம் அடுக்களை, பின்னால் புறவாசல். சுண்ணாம்புச் சாந்துச் சுவர், தேக்கு உத்தரம், மேலே நாட்டு ஓடு. என் சின்ன வயசு கோடை விடுமுறை மொத்தமும் இந்தத் திண்ணையில்தான் கழிந்தது.

மாமா சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். நான் போனை எடுத்துத் தூணைப் படம் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"நல்லா எடு. நீ எடுத்துட்டுப் போயிருவ. மழை பேஞ்சா வாளி வைக்கிறது யாரு?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொல்வதில் என்ன தப்பு? வெள்ளத்தில் அடுக்களைச் சுவர் ஒரு பக்கம் உப்பிவிட்டது. ஓட்டு வழியே நாலு இடத்தில் ஒழுகுகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்னை ஒன்று இருக்கிறது. கக்கூஸ் புறவாசலில் இருக்கிறது. போன தை மாதம் ராத்திரி எழுந்து போன ஆச்சி படியில் தவறி விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு தப்பியது பெருமாள் புண்ணியம் என்கிறாள்.

ஒரு வேடிக்கை சொல்லவா? கக்கூஸ் என்பதே டச்சு வார்த்தைதான். 'காக்ஹவுஸ்' என்ற அவர்கள் சொல்லைத்தான் நாம் அப்படி ஆக்கிக்கொண்டோம். துட்டும் அப்படித்தான். 'டைட்' என்பது டச்சுக்காரர்களின் செப்புக்காசு. அது நம் வாயில் துட்டு ஆனது. கக்கூஸ் உள்ளே வரவேண்டும், அதற்குத் துட்டு வேண்டும். எங்க வீட்டுப் பிரச்னையின் இரண்டு பக்கத்துக்கும் டச்சுக்காரர்கள்தான் பேர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!

மருதநாயகம் விரட்டிய படை

"டச்சுக்காரங்க நம்ம ஊருக்கே வந்திருக்காங்க ஆச்சி, தெரியுமா?" என்றேன்.

"ஏன் தெரியாது? திருச்செந்தூர் சண்முகரைத் தூக்கிட்டுப் போனவங்கதானே? நடுக்கடல்ல புயல் அடிச்சுதுல்லா, பயந்து போட்டுட்டு ஓடிட்டானுக."

இந்தப் பக்கத்தில் டச்சுக்காரர் என்றால் முதலில் வருவது இந்தக் கதைதான். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்கள் திருச்செந்தூர்க் கோயிலைப் பிடித்து வைத்திருந்ததும், கடலில் போன உற்சவரை வடமலையப்ப பிள்ளை மீட்டுவந்ததும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. எலுமிச்சம்பழம் மிதந்து, மேலே கருடன் வட்டமிட்ட இடத்தில் விக்கிரகம் கிடைத்தது என்பது பக்தர்கள் நம்பிக்கை.

1658-இல் போர்ச்சுகீசியர்களிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார். முத்துக்குளிப்பு, சங்கு, துணி மூன்றும் அவர்களின் வியாபாரம். கடலோரத்தில் மட்டும் இருந்தால் துணி கிடைக்காது, நெசவாளர்கள் உள்நாட்டில் அல்லவா இருந்தார்கள்? அதனால் ஆழ்வார்திருநகரியிலும் கம்பெனி கிட்டங்கி போட்டது. தாமிரபரணிக் கரையில் நெய்த துணி இங்கிருந்து தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறியது. எங்கோ ஸான் ஆற்றங்கரையில் காற்று அறுத்த பலகைக்கும் எங்க ஊர்த் தறிக்கும் இப்படி ஒரு தொடர்பு.

இன்னொரு சம்பவம் சினிமாவுக்கே ஏற்றது. 1760-இல் கொழும்பிலிருந்து வந்த டச்சுப் படை, தூத்துக்குடியிலும் மணப்பாட்டிலும் இறங்கி, நேராக ஆழ்வார்திருநகரிக்கு வந்து முகாம் போட்டது. திருநெல்வேலிச் சீமையைக் கைப்பற்றப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் ஒருவர் படையோடு கிளம்பி வந்தார். அவர் யூசுப் கான். நமக்கு மருதநாயகம் என்றால் இன்னும் பக்கமாகத் தெரியும். அவர் வருவது தெரிந்த டச்சுக்காரர்கள் மோதாமல் ராத்திரியோடு ராத்திரியாகத் தூத்துக்குடிக்குத் திரும்பிவிட்டார்கள். பிஷப் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இந்தச் செய்தி இருக்கிறது. அந்த யூசுப் கானையே நாலு வருஷத்தில் மதுரையில் தூக்கில் போட்டார்கள் என்பது தனிக்கதை.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டு மறுநாள் காலை ஊரைச் சுற்றினேன். கிட்டங்கி எங்கே இருந்தது, முகாம் எந்தத் தோப்பில் போட்டார்கள் என்று காட்ட இன்று ஒரு கல்கூட எனக்குக் கிடைக்கவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் கோயிலைத்தான் கை காட்டினார்கள்.

கைகாட்டியது சரிதான். ஆதிநாதர் கோயிலில் உறங்காப்புளி நிற்கிறது. நம்மாழ்வார் 16 ஆண்டுகள் இந்தப் புளியமரத்தடியில் யோகத்தில் இருந்ததாக ஐதீகம். ராத்திரியானால் மற்றப் புளியமரங்கள் இலையை மூடிக்கொள்ளும், இது மூடாது என்பதால் அந்தப் பெயர். காலை நேரத்தில் நாலைந்து பேர் மரத்தைச் சுற்றிவந்துகொண்டிருந்தார்கள். ஒரு அம்மா மேடையைக் கழுவிக் கோலம் போட்டார். மார்கழியில் அரையர் சேவை நடக்கும் மிகச் சில கோயில்களில் இதுவும் ஒன்று. திருவரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நடப்பதைப்போல இங்கேயும் அரையர்கள் பாசுரத்தைப் பாடி அபிநயம் பிடிப்பார்கள். வைகாசியில் நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் கருட வாகனத்தில் இங்கே சேருவார்கள்.

கம்பெனி போய்விட்டது. புளியமரம் நிற்கிறது. கம்பெனிக்குத் துணி கிடைக்கும் வரைதான் இந்த ஊரில் வேலை இருந்தது. மரத்துக்கு இன்றைக்குக் காலையிலும் வேலை இருந்தது.

கண்ணாடிக்குக் கீழே

மத்தியானம் மாமா மகனின் பைக்கில் ஆதிச்சநல்லூருக்குப் போனேன். திருநெல்வேலி சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். செம்மண் பரம்பு, அங்கங்கே உடைமரம். இரும்புக் காலத்து மனிதர்கள் தங்கள் முன்னோரைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம்.

1876-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகோர் இங்கே தோண்டி எடுத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டு போனார். பிறகு வந்த அலெக்சாண்டர் ரீ தங்கப் பட்டம், வெண்கலச் சாமான், இரும்பு ஆயுதம் என்று ஆயிரக்கணக்கில் எடுத்தார். அவை சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போயின. ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பொருளைப் பார்க்க எழும்பூருக்கோ பெர்லினுக்கோ போக வேண்டியிருந்தது. 2023-இல்தான் அது மாறியது. தோண்டிய குழியை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி செய்திருக்கிறார்கள்.

கண்ணாடி மேல் நின்று குனிந்து பார்த்தேன். நம் காலுக்குக் கீழே, மண்ணில் பாதி புதைந்தபடி தாழி தாழியாக. பக்கத்தில் ஒரு சின்னப் பையன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். யாரும் சொல்லவில்லை. அவனாகவே கழற்றினான்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. பழையதைக் காப்பாற்ற மூன்று வழி இருக்கிறது. ஸான்சே ஸ்கான்ஸ்போல இடம் மாற்றலாம். ஆதிச்சநல்லூர்போலக் கண்ணாடி போடலாம். எங்க ஊர்க் கோயில்போல, உபயோகித்துக்கொண்டே இருக்கலாம்.

முதல் வழிக்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் முயற்சியில் 1996-இல் திறந்தார்கள். இடிக்கப்பட இருந்த பழைய வீடுகளை ஓடு, தூண், கதவு என்று பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, கேரளத்து மரவீடு என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால், அங்கே திருநெல்வேலிச் சீமை ஆம்பூர் அக்ரஹாரத்து வீடு ஒன்றும் நிற்கிறது. வேலைக்கு வந்த புதிதில் தோழிகளோடு போயிருந்தேன். அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. தோழிகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மட்டும்தான் அங்கே இல்லை.

ஆச்சி வீட்டை முட்டுக்காட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆச்சி மேல் கண்ணாடி போடவும் முடியாது. மிச்சம் ஒரு வழிதான்.

முள்ளக்காட்டுக் காற்று

மூன்றாம் நாள் மாமாவுக்குத் தூத்துக்குடியில் வேலை இருந்தது. இன்ஜினீயரைப் பார்த்து பிளானை முடிவு செய்யவேண்டும். "வாரியா?" என்றார். அவர் நண்பரின் காரில் கிளம்பினோம். குரும்பூர், ஆறுமுகநேரி, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால், முக்காணிப் பாலம், பழையகாயல். சங்ககாலத்து முத்துத் துறைமுகமான கொற்கையும் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அன்று கப்பல் நின்ற கொற்கையிலிருந்து இன்று கடல் சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண் அது.

முள்ளக்காடு வந்ததும் காரை நிறுத்தச் சொன்னேன்.

"இங்க என்ன இருக்கு?" என்றார் மாமா.

இரண்டு பக்கமும் உப்பளம். வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். காதை அடைக்கும் காற்று. ஆனால் இந்த இடத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. இந்தியாவின் முதல் காற்றாலை மின்பண்ணைகள் 1986-இல் அமைந்தன. குஜராத்தில் ஓகா, மகாராஷ்டிராவில் ரத்னகிரி, நம் பக்கம் தூத்துக்குடி முள்ளக்காடு. அன்றைக்கு ஒரு காற்றாலையின் திறன் 55 கிலோவாட். இன்று வரும் ஒற்றைக் காற்றாலை 2,000 கிலோவாட்டுக்கும் மேல் தருகிறது. கயத்தாறு, முப்பந்தல் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் இறக்கைகள்தான். நெதர்லாந்துக்காரர்கள் போட்டோவுக்காக நிறுத்திப் பார்க்கும் காட்சி நமக்குப் பஸ் ஜன்னலில் தினமும் வருகிறது. நாம்தான் தலையைத் தூக்குவதில்லை.

"டச்சுக்காரன் நானூறு வருஷம் முன்னாலயே காத்தை வேலைக்கு வச்சுட்டான் மாமா."

"நம்மளும் வச்சோம். உப்பு காய வைக்கது யாரு? வெயிலும் காத்தும்தானே?"

எனக்குப் பதில் இல்லை.

தூத்துக்குடியில் மாமா இன்ஜினீயரைப் பார்க்கப் போன நேரத்தில் நான் பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்குப் போனேன். 1750-இல் டச்சுக்காரர்கள் கட்டிய சர்ச். கட்டியவர்கள் 1795-இல் ஊரை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். நடுவில் திரும்பக் கிடைத்தது. 1825-இல் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சர்ச் போகவில்லை. இப்போது சி.எஸ்.ஐ. சபையார் ஞாயிறுதோறும் தமிழில் ஆராதனை நடத்துகிறார்கள். 275 வருஷத்துச் சுவர் நிற்பதற்குக் கட்டியவர்களின் கெட்டிக்காரத்தனம் பாதிக் காரணம். மீதிக் காரணம், வாராவாரம் கதவைத் திறக்கும் ஆட்கள். ஒழுகினால் உடனே கவனிக்க ஆள் இருக்கிறது.

டச்சுக் கம்பெனியின் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. அந்த முத்திரைதான் அவர்களின் துட்டிலும் இருந்தது. இன்று தூத்துக்குடித் துறைமுகத்தின் பெயரும் வ.உ.சி.தான். ஆனால் இது 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய நம் சிதம்பரனார். மூன்றே எழுத்து, ஊர் கை மாறிய கதை மொத்தமும் அதில் இருக்கிறது.

திரும்பி வரும்போது ஸான்சே ஸ்கான்ஸில் இப்போது நடப்பதையும் மாமாவிடம் சொன்னேன். சுமார் 100 பேர் குடியிருக்கும் அந்த இடத்துக்கு 2024-இல் மட்டும் சுமார் 26 லட்சம் பேர் வந்தார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார்கள், வீட்டுத் தோட்டத்துக்குள் நுழைகிறார்கள் என்று குடியிருப்பவர்களுக்குப் புகார். பழைய வீட்டைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கவும் வேண்டுமே!

"அதைத்தானே நானும் சொல்லுதேன்" என்றார் மாமா. "எங்கம்மா விழாம இருக்கணும். எனக்கு அது போதும்."

திண்ணைக்கு இன்னும் வேலை இருக்கு

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது திண்ணை நிறையப் பிள்ளைகள். அத்தை டியூஷன் எடுக்கிறாள். எண்ணிப் பார்த்தேன், 11 பேர். வாய்ப்பாடு காற்றில் தெருக்கோடி வரை கேட்டது. இன்ஜினீயரின் பிளானில் இந்த இடத்தில் பைக் நிறுத்தப் போர்ட்டிகோ இருந்தது.

"போர்ட்டிகோ வந்தா இவங்க எங்க உக்காருவாங்க அத்தை?"

"மொட்டைமாடிக்குப் போகச் சொல்லணும்" என்றவள், கொஞ்ச நேரம் கழித்து, "சின்னதுங்க ஏறுமா தெரியல" என்றாள்.

ஆச்சி அந்தப் பதினேழாம் தேதியைப் பற்றி ஆரம்பித்தாள். ராத்திரி ஆறு தெருவுக்குள் வந்தபோது எதிர்வரிசைத் தாழ்ந்த வீடுகளிலிருந்து ஏழு பேர் வந்து இந்த உயரமான திண்ணையில்தான் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தை ஒன்று. தண்ணீர் திண்ணைக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது. சுவரில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. வெள்ளையடித்தும் போகவில்லை.

மறுநாள் காலை மாமா ஊரிலேயே வயசான கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்தார். யாரும் அவரைக் கூப்பிடச் சொல்லவில்லை. அவர் வீட்டைச் சுற்றிவந்து, சுவரைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். ஆணியால் சாந்தைச் சுரண்டிப் பார்த்தார். உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"முன்கட்டு சுண்ணாம்பு அண்ணாச்சி. கல்லு மாதிரி கெடக்கு. ஓட்டைப் பிரிச்சுச் சட்டம் மாத்திப் போட்டா ஒழுகாது. பின்கட்டு போச்சு. அடுக்களைச் சுவரை வச்சுக்கிட்டு இருக்கது ஆபத்து. அதை இறக்கிட்டு கான்கிரீட்ல அடுக்களையும் பாத்ரூமும் பட்டாசலை ஒட்டியே போட்டுரலாம்."

"எம்புட்டு ஆகும்?"

அவர் சொன்ன தொகை, மொத்தமாக இடித்துக் கட்ட இன்ஜினீயர் சொன்னதில் பாதிகூட இல்லை. ஆனால் முன்கட்டு ஓடு மூணு நாலு வருஷத்துக்கு ஒருதரம் பிரித்து மாற்றவேண்டி வரும் என்றும் சொன்னார். ஓடு மாற்றத் தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்றார். அதையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறேன். பழைய வீட்டை வைத்திருப்பது சும்மா வருவதில்லை.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது இன்ஜினீயருக்குப் போன் போட்டு, "பிளானை வேற மாதிரி ஒண்ணு போடணும், ஆவணி பொறக்கட்டும், வாரேன்" என்றார். முடிவு ஆகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆடி முடிய இன்னும் நாள் இருக்கிறது.

அன்று ராத்திரி ஆச்சியும் நானும் திண்ணையில் படுத்தோம். புறவாசல் லைட்டை எரியவிட்டிருந்தார் மாமா. நடுராத்திரி ஆச்சி எழுந்தபோது நானும் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன். படியில் இறங்கும்போது அவள் கை என் கையை இறுக்கியது.

"நீ இருக்க. நாளைக்கு யாரு வருவா?" என்றாள்.

சென்னைக்குத் திரும்பி வந்து பாதியில் விட்ட போட்டோ ஸ்டோரியை முடித்தேன். டிரெய்லரில் போகும் அந்த மரவீட்டுப் படத்துக்குக் கீழே, அதில் இன்றைக்கும் யாரோ குடியிருக்கிறார்கள் என்று ஒரு வரி சேர்த்தேன்.

நீங்களும் போகலாம்!

* திருநெல்வேலி - திருச்செந்தூர் ரயில் பாதையிலேயே ஆழ்வார்திருநகரி ஸ்டேஷன் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ்களும் ஊர் வழியே போகின்றன.

* காலையில் ஆதிநாதர் கோயில், மத்தியானம் ஆதிச்சநல்லூர், சாயங்காலம் தூத்துக்குடி என்று ஒரே நாளில் முடிக்கலாம். கோயில் மத்தியானம் நடை சாத்துவார்கள் என்பதால் சீக்கிரம் போய்விடுங்கள்.

* காற்றைப் பார்க்கவேண்டும் என்றால் ஆனி, ஆடி. கருட சேவை பார்க்கவேண்டும் என்றால் வைகாசி. அரையர் சேவைக்கு மார்கழி.

* தெருக்களில் நடக்கும்போது பழைய வீடுகளைப் பார்த்தால் படம் எடுக்கத் தோன்றும். உள்ளே ஆள் இருக்கும், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். பெரும்பாலும் திண்ணையில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார்கள்.